எழுதியது நீதானா?
இயந்திரமும் பல்கலைக்கழகமும் எமது சந்தேக வரலாறும்

1

குரோய்டனில் வெலஸ்லி வீதியால் போகும்போது நிமிர்ந்து பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டவர்கள் எம்மில் பலர். 1970இல் கட்டி முடிக்கப்பட்ட இருபது மாடிக் கட்டடமொன்று அங்கே நிற்கிறது. மனிதன் நிலவில் இறங்கிய காலத்து உற்சாகத்தில் அதற்கு லூனர் ஹவுஸ் என்று பெயர் வைத்தார்கள். அதன் சோடிக் கட்டடத்திற்கு அப்பலோ ஹவுஸ் என்று பெயர். எமக்கோ அது விடியற்புறக் குளிரில் வரிசையில் நின்ற இடம். விரலடையாளம் கொடுத்த இடம். பெயர் என்ன, ஊர் எது, எந்தப் பாதையால் வந்தாய், நீ சொல்வதற்கு ஆதாரம் என்ன என்று முதன்முதலாகக் கேட்கப்பட்ட இடம். அங்கு கொடுத்த பதில்களைத் திரும்பத் திரும்ப வெவ்வேறு மேசைகளுக்கு முன்னால் ஒப்புவித்து, ஒரு திகதி மாறிவிட்டதென்பதற்காகப் பொய்யர் என்று எழுதப்பட்ட கடிதங்களை இன்றும் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள் நாம்.

சென்ற மாரியில் ஒரு பிள்ளை இன்னொரு கடிதத்தோடு எமது வீட்டுக்கு வந்தாள். வடமராட்சியிலிருந்து மாணவர் விசாவில் வந்து, பொதுச் சுகாதாரத்தில் முதுமாணிப் படிப்புப் படிப்பவள். சனி ஞாயிறுகளில் லண்டன் ரோட்டிலுள்ள எம்மவர் கடையொன்றில் காசாளராக நிற்பவள். கடிதம் அவளுடைய பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தது. எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கு அவசியமில்லை. அவள் சமர்ப்பித்த ஒப்படையில் 78 வீதமான பகுதி செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டிருக்கக்கூடும் என்று மென்பொருள் காட்டுகிறது, விசாரணைக்குச் சமுகமளித்து விளக்கம் தரவும் என்பதே அதன் சாரம். மிகவும் மரியாதையான ஆங்கிலம். மாணவர் நலனுக்கான தொலைபேசி எண்ணும் அடியில் இருந்தது.

குசினி மேசையில் அதை விரித்து வைத்துவிட்டு அவள் கேட்டாள்: "நான் எழுதினதை நான்தான் எழுதினனான் எண்டு எப்பிடி மாமா காட்டுறது?"

வாழ்நாளில் பாதியை ஆதாரம் காட்டுவதிலேயே செலவழித்த எமக்கும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

பல்கலைக்கழகக் கல்வியில் செயற்கை நுண்ணறிவின் அறம் பற்றி இன்று நிறையப் பேசப்படுகிறது. அவற்றில் பெரும்பாலானவை, மாணவர்கள் இயந்திரத்தைப் பயன்படுத்தலாமா கூடாதா என்ற பட்டிமன்றத்தோடு நின்றுவிடுகின்றன. நாம் வேறொரு பக்கத்திலிருந்து இதைப் பார்க்க விரும்புகிறோம். சந்தேகம் யார்மீது விழுகிறது? அதை நீக்கும் சுமை யாருடைய தலையில் ஏற்றப்படுகிறது? இந்தக் கேள்விகளைக் கேட்காத அறம், அதிகாரத்தின் ஒழுங்குவிதியாக மட்டுமே இருக்கும் என்பது எமது அபிப்பிராயம்.

2

2022 நவம்பர் இறுதியில் சட்ஜிபிரி வெளியானது. கேட்டவுடன் கட்டுரை எழுதித்தரும் கருவி மாணவர் கைக்கு இலவசமாக வந்துவிட்டது. ஆங்கில உலகப் பல்கலைக்கழகங்கள் கதிகலங்கின. அடுத்த சில மாதங்களுக்குள் இன்னொரு சந்தை திறந்தது: எழுதியது மனிதரா இயந்திரமா என்று கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களின் சந்தை. பார்த்தெழுதலைப் பிடிப்பதற்காக ஏற்கனவே பல்கலைக்கழகங்களில் இருந்த ரேர்னிற்றின் என்ற மென்பொருளும் 2023 ஏப்ரலில் இவ்வசதியைச் சேர்த்துக்கொண்டது.

இக்கருவிகள் எவ்வாறு முடிவெடுக்கின்றன? இயந்திரம் எழுதுவதென்பது, முன்னால் உள்ள சொற்களைப் பார்த்து அடுத்து வரக்கூடிய சொல்லை ஊகித்து வைத்துக்கொண்டே போவது. ஆகவே கண்டுபிடிக்கும் கருவிகளில் பல, ஓர் எழுத்தில் அடுத்த சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்று அளக்கின்றன. வழமையான சொற்கள் வழமையான ஒழுங்கில் வந்தால், வசனங்கள் ஏறத்தாழ ஒரே நீளத்தில் இருந்தால், இயந்திரம் என்ற பக்கம் முள் சாய்கிறது. எதிர்பாராத சொல், ஏறியிறங்கும் வசனம், சொலவடை, கிண்டல் ஆகியன இருந்தால் மனிதர் என்ற பக்கம் சாய்கிறது.

இப்போது யாழ்ப்பாணத்து ரியூட்டரியொன்றில் ஆங்கிலம் படித்த பிள்ளையை நினைத்துப் பாருங்கள். தகரக் கொட்டகைக்குள் நூறு பேரோடு இருந்து படித்தவள். முதலில் முன்னுரை, பிறகு மூன்று பந்தி, இறுதியில் முடிவுரை. ஒவ்வொரு பந்தியின் தொடக்கத்திலும் ஓர் இணைப்புச்சொல். அதற்கென்றே ஒரு பட்டியல் மனப்பாடம். தெரியாத சொல்லைப் போட்டுப் பிழைவிடாதே, தெரிந்த சொல்லைச் சரியாகப் போடு என்பது ஆசிரியரின் வேதவாக்கு. இவ்வாறு படித்துத்தான் அவள் ஆங்கிலப் பரீட்சையில் தேறி விசா எடுத்தாள். அதே ஒழுங்கும் அடக்கமும்தான் இங்கே அவளைக் காட்டிக்கொடுத்தன. அந்நிய மொழியில் கவனமாக எழுதும் மனிதரின் எழுத்தும் இயந்திரத்தின் எழுத்தும் அந்தக் கருவியின் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகின்றன.

இது எமது மனக்குறை மட்டுமல்ல. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தோபல் பரீட்சைக்காக எழுதிய 91 கட்டுரைகளை எடுத்து ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். அவற்றில் சராசரியாக 61 வீதமானவை இயந்திரம் எழுதியவை என்று தவறாக முத்திரை குத்தப்பட்டன. ஏதாவதொரு கருவியிடமாவது மாட்டிக்கொண்டவற்றைக் கணக்கெடுத்தால் 97 வீதம். அமெரிக்காவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளின் கட்டுரைகளையோ இக்கருவிகள் ஏறத்தாழப் பிழையின்றி மனிதர் எழுதியவை என்று இனங்கண்டன.

அந்த ஆய்வின் அடுத்த கட்டம் இன்னும் வேதனையான வேடிக்கை. அதே தோபல் கட்டுரைகளைச் சட்ஜிபிரியிடம் கொடுத்து, ஆங்கிலேயர் எழுதியதுபோலச் சொல்வளத்தைக் கூட்டித் தரும்படி கேட்டு, மீண்டும் கருவிகளிடம் கொடுத்தார்கள். தவறான குற்றச்சாட்டு 61 வீதத்திலிருந்து ஏறத்தாழ 12 வீதமாக இறங்கியது. தானாக எழுதியவர் குற்றவாளியாக, இயந்திரத்திடம் கொடுத்து மெருகூட்டியவர் விடுதலையாகிறார்.

அதற்குப் பின்னர் கருவிகள் திருந்திவிட்டன என்று அவற்றை விற்பவர்கள் சொல்கிறார்கள். ஓரளவு திருந்தியும் இருக்கலாம். ஆனால் சட்ஜிபிரியைச் செய்த ஓப்பன் ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட தனது கண்டுபிடிப்புக் கருவியை அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அது இயந்திர எழுத்தில் 26 வீதத்தை மட்டுமே பிடித்தது. மனிதர் எழுத்தில் 9 வீதத்தைத் தவறாகக் குற்றஞ்சாட்டியது. பெற்ற தாய்க்கே தன் பிள்ளையை அடையாளம் தெரியவில்லை. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஓகஸ்டில் ரேர்னிற்றினின் இவ்வசதியை நிறுத்தியபோது ஒரு எளிய கணக்கை முன்வைத்தது. நிறுவனம் சொல்வதுபோல நூற்றுக்கு ஒன்றுதான் பிழை என்றாலும், அப்பல்கலைக்கழகத்தில் 2022இல் சமர்ப்பிக்கப்பட்ட 75,000 கட்டுரைகளில் ஏறத்தாழ 750 கட்டுரைகள் அநியாயமாகச் சந்தேகிக்கப்பட்டிருக்கும். நூற்றுக்கு ஒன்று என்பது விற்பனையாளருக்கு வெற்றி. அந்த ஒன்றாக இருப்பவருக்கு அது நூறு வீதம்.

3

எமது வாசகர்களுக்கு இதிலொன்றும் புதிதல்ல என்று தோன்றலாம். உண்மைதான். விடைத்தாளின் மொழியே அதை எழுதியவர்மீது சந்தேகமாக மாறியதை நாம் ஏற்கனவே அனுபவித்திருக்கிறோம்.

1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவத்துக்குத் தெரிவாகச் சிங்கள மொழியில் எழுதியவருக்கு 229 புள்ளிகள் போதுமாயிருந்தன. தமிழில் எழுதியவருக்கு 250 தேவைப்பட்டன. தமிழ்ப் பரீட்சகர்கள் தமிழ் விடைத்தாள்களுக்குப் புள்ளிகளை அள்ளிக்கொடுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு அந்நாளில் பரப்பப்பட்டது. எந்த மாணவர், எந்தத் தாள், எந்தப் பரீட்சகர் என்று எவரும் சுட்டவில்லை. மொழி போதுமானதாக இருந்தது. பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீட்டால் வன்னிக்கும் மட்டக்களப்புக்கும் கிடைத்த நன்மையை யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கம் வசதியாக மறந்துவிடுவதையும் இங்கு சொல்லியாக வேண்டும். அது தனி விவாதம். ஆயினும் தரப்படுத்தல் என்ற சொல் எமது தலைமுறையின் காதில் விழும் விதத்துக்கு அந்த 21 புள்ளிகள் காரணம். அந்தப் பொறிமுறைக்குக் கணனி தேவைப்படவில்லை. ஒரு சூத்திரமும் ஒரு திணைக்களமும் போதுமாயிருந்தன.

கணனி வந்த பின்னரான கதை இந்த நாட்டிலேயே இருக்கிறது. 2014 பெப்ரவரியில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி, விசாவுக்கான ஆங்கிலப் பரீட்சை நிலையங்களில் நடந்த ஆள்மாறாட்டத்தை அம்பலப்படுத்தியது. மோசடி நடந்தது உண்மை. பரீட்சையை நடத்திய அமெரிக்க நிறுவனம் பேச்சுப் பரீட்சைக் குரல்பதிவுகளைக் குரலறியும் மென்பொருளில் போட்டு, பின்னர் ஆட்களைக் கொண்டும் கேட்பித்து, ஒரே குரல் பல பெயர்களில் வருகிறதா என்று பார்த்தது. 58,000க்கு மேற்பட்ட பரீட்சைகளில் 58 வீதம் செல்லாதவை, 39 வீதம் ஐயத்துக்குரியவை என்று முடிவு வந்தது. அதாவது நூற்றுக்கு 97 பேர் சந்தேக நபர்கள். இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள் பல்லாயிரவர் விசாவை இழந்தனர். ஏறத்தாழ 2,500 பேர் பலவந்தமாகத் திருப்பி அனுப்பப்பட்டனர். தமது பெயரில் இருந்த குரல்பதிவைத் தாமே கேட்பதற்குப் பலர் போராட வேண்டியிருந்தது. 3,600 வரையானோர் மேன்முறையீட்டில் வென்றனர். குற்றமற்றவர்களும் ஏமாற்றுக்காரராக முத்திரை குத்தப்பட்டு, தம் பெயரைக் காப்பாற்றப் போதிய வாய்ப்பின்றி வெளியேற்றப்பட்டிருக்கலாம் என்று 2019 மேயில் தேசியக் கணக்காய்வு அலுவலகம் கண்டித்தது. நியாயசபைகளின் பார்வை ஒன்றுபோல இருக்கவில்லை: 2016இல் இந்தச் சான்றின் ஓட்டைகள் சுட்டிக்காட்டப்பட்டன, 2022இல் அதே சான்றுக்குப் பெரும் எடை தரப்பட்டது. இடையில் போன ஆண்டுகள் மாணவர்களுக்குத் திரும்பி வரவில்லை.

குரலுக்கு முன் உடல். சித்திரவதையின் தழும்புகளோடு வந்த எமது ஆளொருவரின் வழக்கு 2019 மார்ச்சில் இந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் தீர்க்கப்பட்டது. முதுகில் இருந்த சூட்டுக்காயங்களைத் தஞ்சம் பெறுவதற்காக அவரே வேறொருவரைக் கொண்டு போடுவித்திருக்கலாம் என்பது அதுவரை அவருக்கு எதிராக நின்ற வாதம். உச்ச நீதிமன்றம் அவரது மேன்முறையீட்டை ஏற்று மறுவிசாரணைக்கு அனுப்பியது. ஆனால் அந்த வாதம் எழுந்ததே எமக்குப் போதும். உன் தழும்பு உன்னுடையதா? உன் குரல் உன்னுடையதா? இப்போது, உன் வசனம் உன்னுடையதா?

இதற்கு எதிராக இன்னொரு காட்சியையும் வைத்துப் பார்க்கவேண்டும். 2020இல் கொரோனாவால் உயர்தரப் பரீட்சை நடைபெறாதபோது, இங்கிலாந்தில் ஒரு கணிப்புச் சூத்திரம் பெறுபேறுகளைத் தீர்மானித்தது. பாடசாலையின் கடந்தகாலப் பெறுபேற்றையும் அது கணக்கில் எடுத்தது. ஓகஸ்ட் 13ஆம் திகதி வெளியான பெறுபேறுகளில் ஏறத்தாழ 39 வீதமானவை ஆசிரியர்கள் கொடுத்ததைவிடக் குறைந்திருந்தன. பிள்ளைகள் வீதிக்கு வந்தார்கள். 17ஆம் திகதி சூத்திரம் கைவிடப்பட்டது. நான்கு நாட்கள்! எமது பிள்ளைகளும் அதனால் பயனடைந்தார்கள் என்பதில் மகிழ்ச்சியே. ஆனால் வாக்குரிமையுள்ள பெற்றோரின் பிள்ளைகள் பாதிக்கப்பட்டால் நான்கு நாளில் பின்வாங்கும் இயந்திரம், விசாவில் இருப்பவர் விடயத்தில் எத்தனை ஆண்டுகள் அசையாமல் நின்றது என்பதைக் கவனிக்காமல் விட முடியாது.

4

2023 ஜூலை 4ஆம் திகதி ரஸல் குழுமத்தின் 24 பல்கலைக்கழகங்கள் செயற்கை நுண்ணறிவு பற்றி ஐந்து கோட்பாடுகளை வெளியிட்டன. அவை சாரத்தில் இவ்வாறு அமைந்தன: மாணவரும் ஊழியரும் இதைப் பற்றிய அறிவைப் பெறப் பல்கலைக்கழகங்கள் உதவும், மாணவருக்கு வழிகாட்ட ஊழியர் தயார்ப்படுத்தப்பட வேண்டும், கற்பித்தலும் மதிப்பீடும் இதற்கேற்ப மாற்றியமைக்கப்பட்டு எல்லோருக்கும் சமவாய்ப்பு இருக்கும், கல்விசார் நேர்மை காக்கப்படும், பல்கலைக்கழகங்கள் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளும்.

தடைசெய்கிறோம் என்று குதிக்காமல் கற்றுத்தருகிறோம் என்று சொன்னது நல்ல விடயம். அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இதை ஒரு பிரதியாக எடுத்து வாசித்துப் பார்ப்போம். ஐந்து வசனங்களின் எழுவாய் யார்? நான்கில் பல்கலைக்கழகம். ஒன்றில் ஊழியர். மாணவர் எந்த இடத்திலும் எழுவாயாக வருவதில்லை. உதவப்படுபவராக, வழிகாட்டப்படுபவராக, செயப்படுபொருளாகவே வருகிறார். நேர்மை காக்கப்படும் என்ற நான்காவது கோட்பாட்டில், நேர்மையீனம் என்று ஒருவர்மீது குற்றஞ்சாட்டப்பட்டால் அதை யார், எதைக் கொண்டு, எவ்வாறு நிறுவவேண்டும் என்பதற்கு அந்த ஐந்தினுள் இடமில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமை ஆறாவது கோட்பாடாக வந்திருக்கவேண்டும்.

இந்த வெற்றிடம் எல்லா மாணவரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. உள்ளூர் மாணவருக்குத் தண்டனை என்றால் ஒரு பாடம், மிஞ்சினால் ஓர் ஆண்டு. மாணவர் விசாவில் இருப்பவரைப் பல்கலைக்கழகம் விலக்கினால், விசாவுக்குப் பொறுப்புநின்ற அதே பல்கலைக்கழகம் அதைப் பத்து வேலைநாட்களுக்குள் ஹோம் ஒபிசுக்கு அறிவிக்கவேண்டும். அதன்பின் விசாவின் காலம் சுருக்கப்படும். வெளிநாட்டு மாணவரின் கட்டணத்தில் பெரிதும் தங்கியிருக்கும் நிறுவனங்களே இவ்வாறு அவர்களின் எல்லைக்காவலராகவும் இருக்கின்றன. எமது குசினி மேசையில் அந்தப் பிள்ளையின் கை நடுங்கியது புள்ளிகளுக்காக அல்ல. கடன்பட்டு அனுப்பிய தகப்பன், ஈடு வைத்த காணி, திரும்பிப்போனால் ஊர் கேட்கும் கேள்வி எல்லாம் அந்த 78 என்ற எண்ணுக்குள் இருந்தன.

மறுபக்கத்தில் ஆசிரியர் இருக்கிறார். அவரை வில்லனாக்குவது எமது நோக்கமல்ல. மணித்தியாலக் கணக்கில் அமர்த்தப்பட்டு, கட்டுக்கட்டாக வரும் ஒப்படைகளை ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்களில் திருத்திமுடிக்க வேண்டியவர்கள் அவர்களில் பலர். மாணவரின் முகமே தெரியாதபோது எழுத்தின் முகம் எப்படித் தெரியும்? அந்த அறியாமையை நிரப்பத்தான் எண் வந்து உட்காருகிறது. ஆசிரியர்களும் அதே இயந்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. 2025இல் அமெரிக்காவின் நோர்த்ஈஸ்ரேர்ன் பல்கலைக்கழக மாணவியொருவர், தமது பேராசிரியர் விரிவுரைக் குறிப்புகளைச் சட்ஜிபிரி கொண்டு தயாரித்ததைக் கண்டு, 8,000 டொலருக்கு மேற்பட்ட கட்டணத்தைத் திருப்பிக் கேட்டார். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. மாணவர் செய்தால் மோசடி, நிறுவனம் செய்தால் புத்தாக்கம் என்ற இரட்டை நாக்கு இருக்கும்வரை, நேர்மை பற்றிய போதனை மாணவரின் காதில் ஏறாது.

5

இவ்வளவும் சொல்லிவிட்டு எமது முதுகைப் பார்க்காமல் விட்டால் அது விமர்சனமாகாது.

அந்தப் பிள்ளை வந்துபோன சில வாரங்களில் ஒரு பொடியனும் வந்தான். அவனுக்கும் அதே மாதிரியான கடிதம். கேட்டபோது மறைக்கவில்லை. முழுவதையும் இயந்திரத்திடம் கொடுத்து எழுதுவித்ததாகச் சொன்னான். முகவருக்குக் கொடுத்த காசை அடைக்க இரவில் களஞ்சியமொன்றில் வேலை. விடுமுறையற்ற காலத்தில் கிழமைக்கு இருபது மணித்தியாலம்தான் வேலை செய்யலாம் என்ற விதியைத் தாண்டி, கையில் காசுக்கு இன்னும் சில மணித்தியாலம். புத்தகத்தைத் திறந்தால் நித்திரை. அவன் சொன்ன நியாயங்கள் எல்லாம் எமக்கு விளங்கின. ஆனால் எழுதாததை எழுதினேன் என்று சொல்ல அவனுக்கு நாம் துணைநிற்க முடியாது. உண்மையைச் சொல்லிப் பிழையை ஒத்துக்கொள் என்றோம். இவனைப் போன்றவர்கள் இருக்கிறார்கள் என்பதாலேயே அந்தப் பிள்ளை சந்தேகிக்கப்படுகிறாள் என்ற கசப்பையும் விழுங்கவேண்டியிருந்தது. 2025இல் பிரித்தானிய உயர்கல்விக் கொள்கை நிறுவனம் வெளியிட்ட கருத்துக்கணிப்பில் 88 வீதமான இளமாணி மாணவர்கள் ஏதோவொரு வகையில் மதிப்பீட்டு வேலைக்கு இக்கருவிகளைப் பயன்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முந்திய ஆண்டில் அது 53 வீதமாக இருந்தது. விளக்கம் கேட்பதிலிருந்து முழுவதையும் எழுதுவிப்பதுவரை இதற்குள் எத்தனையோ படிகள் உள்ளன.

இயந்திரம் வருமுன்பும் நாம் என்ன செய்தோம்? காசுக்கு ஒப்படை எழுதிக்கொடுக்கும் தொழில் இங்கே தாராளமாக நடந்தது. 2022 ஏப்ரலில் நிறைவேறிய சட்டத்தின் மூலம்தான் இங்கிலாந்தில் அது குற்றமாக்கப்பட்டது. அந்தத் தொழிலின் வாடிக்கையாளர்களில் எம்மவர் இருக்கவில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

இன்னும் கிட்டவந்து பார்ப்போம். சனிக்கிழமைத் தமிழ்ப்பாடசாலைகளின் பேச்சுப்போட்டி. ஆறு வயதுப் பிள்ளை மேடையேறி, தமிழன்னையின் பெருமையைச் செந்தமிழில் முழங்குகிறது. எழுதியது தகப்பன். தகப்பனுக்கு நேரமில்லையென்றால் பெரியப்பா. ஆங்கில எழுத்தில் எழுதித் தமிழாக ஒப்புவிக்கும் பிள்ளைகளும் உண்டு. பிள்ளைக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. நடுவர்களுக்கும் இது தெரியும். நடுவராக இருந்தபோது நாமும் தெரிந்துகொண்டே புள்ளி போட்டிருக்கிறோம். முதற்பரிசு வாங்கிய பிள்ளையிடம் மேடைக்குப் பின்னால் நீ என்ன பேசினாய் என்று கேட்டால் தாயின் முகத்தைப் பார்க்கும். வேறொருவரின் சொற்களைத் தன்னுடையவைபோல ஒப்புவிப்பதற்குக் கிண்ணம் கொடுத்து வளர்த்துவிட்டு, பதினைந்து வருடம் கழித்து இயந்திரத்தைக் குற்றஞ்சொல்வதில் அர்த்தமில்லை. பெறுபேறுதான் படிப்பு என்ற யாழ்ப்பாணத்து மனம் கடல் தாண்டியும் கரையவில்லை. அந்த மனத்துக்கு இயந்திரம் ஒரு மலிவான பெரியப்பா. அவ்வளவுதான்.

ஆனால் எமது பிழை வேறு, எம்மீதான சந்தேகம் வேறு. முதலாவதை நாம் திருத்தவேண்டும் என்பதற்காக இரண்டாவதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. கூட்டத்தில் களவெடுத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால் கூட்டம் முழுவதன் மடியையும் தட்டிப்பார்க்கும் நியாயத்தை நாம் சோதனைச்சாவடிகளில் போதுமான அளவு பார்த்துவிட்டோம்.

6

அந்தப் பிள்ளையின் விசாரணைக்கு வருவோம். வீட்டில் தேடி மூன்று சீஆர் கொப்பிகளை எடுத்தாள். முதலில் பேனையால் எழுதி, வெட்டித் திருத்தி, பிறகுதான் கணனியில் ஏற்றுவது அவளுடைய பழக்கம். ஊரில் கணனி இல்லாத வீட்டில் வளர்ந்ததால் வந்த பழக்கம் இங்கே சாட்சியானது. ஓரங்களில் தமிழில் குறிப்புகள். கணனியில் திகதிவாரியாகக் கிடந்த பழைய பிரதிகளையும் அச்சிட்டோம். மாணவர் சங்கத்தின் ஆலோசகரோடு பேசி, அவரைக் கூட அழைத்துக்கொண்டு போனாள்.

மேசையின் மறுபக்கம் மூவர். கொப்பிகளை மரியாதையோடு புரட்டினார்கள். தமிழ் எழுத்து அவர்களுக்குத் தெரியாது. மூவரில் ஒரு விரிவுரையாளர் மட்டும் ஒப்படையை உண்மையாகவே வாசித்து வந்திருந்தார். யாழ்ப்பாணத்தில் டெங்கு பெருகுவதைப் பற்றி அவள் எழுதியிருந்தாள். கிணறுகளைப் பற்றி நீ எழுதிய இடத்தை இன்னும் கொஞ்சம் சொல்லு என்று அவர் கேட்டார். அவ்வளவுதான். அவள் தன் வீட்டுக் கிணற்றைப் பற்றி, மழைக்குப் பின் தேங்கும் நீரைப் பற்றி, போத்தல் மூடியளவு நீரிலும் நுளம்பு பெருகுவதைப் பற்றி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும் நாளில் மட்டும் வளவைக் கூட்டும் அயலவர்களைப் பற்றி இருபது நிமிடம் பேசினாள். அவளுடைய ஆங்கிலம் தடுக்கியது. விடயம் தடுக்கவில்லை. இரண்டு கிழமையால், மேலதிக நடவடிக்கை இல்லை என்று இரண்டு வரிக் கடிதம் வந்தது. வருத்தம் தெரிவிக்கும் வரி அதில் இல்லை.

இந்தச் சம்பவத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்வது இதுதான். அவளை விடுவித்தது ஒரு கேள்வி. வாசித்தவர் ஒருவர் எழுதியவரிடம் கேட்ட கேள்வி. கற்பித்தல் என்று நாம் நம்பிவந்தது அதைத்தான். அது கடிதத்துக்கு முன்பே நடந்திருக்கலாம். பத்து நிமிடம் போதும். ஆகவே எமது கோரிக்கை சிக்கலானதல்ல. ஒரு மென்பொருளின் எண்ணை மட்டும் வைத்து எவர்மீதும் குற்றஞ்சாட்டக்கூடாது. குற்றஞ்சாட்டுமுன் எழுத்தை வாசித்த ஆசிரியர் மாணவரோடு பேசவேண்டும். எந்த ஒப்படைக்கு இயந்திரத்தின் எந்த உதவி ஆகும், எது ஆகாது என்பது தொடக்கத்திலேயே எழுத்தில் தரப்படவேண்டும். எழுத்துப்பிழை பார்க்கவும் ஆங்கிலம் திருத்தவும் இயந்திரத்தை நாடிய பிள்ளை, முழுவதையும் எழுதுவித்தவனோடு ஒரே கூண்டில் ஏற்றப்படக்கூடாது.

எம்மவருக்கும் சில வார்த்தைகள். வரைவுகளை அழிக்காதீர்கள், கொப்பியோ கணனியோ, திகதியோடு வைத்திருங்கள். கடிதம் வந்தால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே மாணவர் சங்கத்திடம் போங்கள். பல்கலைக்கழகத்தின் உள் விசாரணைகள் முடிந்த பின்னும் நியாயம் கிடைக்கவில்லையென்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உயர்கல்விக்கான சுயாதீன முறைப்பாட்டு அலுவலகம் இருக்கிறது. விசாரணை முடிவுற்றதாகப் பல்கலைக்கழகம் தரும் கடிதத்தின் திகதியிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள், கட்டணம் எதுவுமின்றி முறையிடலாம். அகதி விண்ணப்பங்களுக்கு ஒருவர்க்கொருவர் மொழிபெயர்த்துக் கொடுத்த தலைமுறை நாம். எமக்குப் பின் மாணவராக வருபவர்களுக்கு இதையாவது செய்யலாம்.

போன மாதம் அந்தப் பிள்ளையை லண்டன் ரோட்டில் கண்டோம். ஆய்வுக்கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறாள். எப்படிப் போகிறது என்று கேட்டோம். தான் எழுதும்போது கணனித்திரை முழுவதையும் பதிவுசெய்து வைக்கிறாளாம், யாராவது கேட்டால் காட்டுவதற்கு. பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"இப்ப பிழையளை விட்டுத்தான் எழுதுறன் மாமா. பிழை கிடந்தாத்தான் என்ரை எண்டு நம்புவினம்."

அவள் அதைக் கெட்டித்தனமாகச் சொன்னாள். எமக்குச் சிரிக்க முடியவில்லை. பல்கலைக்கழகம் அவளுக்கு இந்த ஒரு வருடத்தில் கற்றுக்கொடுத்தவற்றுள் அதுவும் ஒன்று.